ஜக்கி றொபின்சன்

ஐக்கிய அமெரிக்காவிலே வசந்தத்தின் வரவைப் பேஸ்போல் பருவத்தின் முதலாட்டமே ஊரறியச் செய்யும். 1947 ஏப்பிரில் 15இல் புரூக்ளினில் நடந்த முதலாட்டமோ வேறு வகையானது. அறுபதாண்டுக்கு மேலாகப் பெருங்கழகங்களிற் கறுப்பினத்தவர் எவரும் ஆடியதில்லை; அன்று ஜக்கி றொபின்சன் களமிறங்கினார்.

1919இல் யோர்ஜியா மாநிலத்து வாரக்குடியானவர் மனையிற் பிறந்தவர் அவர். படைச்சேவையிலிருந்தபோது பேருந்தின் பின்னிருக்கைக்குச் செல்ல மறுத்து, 1944இல் இராணுவ நீதிமன்றில் நின்று விடுதலை பெற்ற மானி. அத்தகையவரிடமன்றோ, வசைக்கு எதிர்வசை கூறலாகாதெனக் கழகத் தலைவர் பிராஞ்ச் றிக்கி வாக்குக் கேட்டார்! அதனைக் காத்தமை ஆட்டத்தினும் அரிது.

அன்று அவர் மட்டை சோபிக்கவில்லை. எனினும், எதிரணியின் பிழையாற் றளமேறி, கழகத்தை முன்னிலைக்குக் கொணர்ந்த ஓட்டத்தைப் பெற்றார், வெற்றி 5–3. அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

1972இல், 53ஆம் வயதில் மறைந்தார். 2009 முதல் ஏப்பிரில் 15இல் வீரரனைவரும் அவரது 42ஆம் இலக்கத்தையே அணிந்தாடுகின்றனர்.