கலவரத்தை அணைக்கப் போன பத்திரிகையாசிரியர்

கலவரம் என்றதும் நாம் முதலில் குறை சொல்வது ஊடகங்களைத்தான். குறை சொல்லத் தகுந்தவை பல இருக்கவே செய்கின்றன. ஆனால் கலவரத்தை அணைக்கப் போய் உயிரைக் கொடுத்த ஒரு பத்திரிகையாசிரியரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணேஷ் சங்கர் வித்யார்த்தி 1890இல் அலகாபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். 1913 நவம்பரில் கான்பூரில் ‘பிரதாப்’ என்ற இந்தி வார இதழைத் தொடங்கினார். 1921இல் ரேபரேலி விவசாயிகள் சுடப்பட்டதைத் துணிந்து எழுதினார். அதற்காக ஒரு நிலப்பிரபு தொடுத்த அவதூறு வழக்கில் சிறை சென்றார்.

அவருடைய அலுவலகத்தில் பல்வந்த் என்ற புனைபெயரில் வேலை பார்த்த இளைஞர்தான் பகத்சிங். அந்த ஆண்டுகளில் வட இந்தியாவில் மதக்கலவரங்கள் அடுத்தடுத்து வெடித்தன. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அன்றைய பத்திரிகைகள் பலவோ விசாரிக்கவும் இல்லை, பொறுப்போடு எழுதவும் இல்லை. கலவரங்களில் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டென்று பகத்சிங் 1928இல் ஒரு கட்டுரையில் சாடினார்.

1931 மார்ச் 23 அன்று அதே பகத்சிங் லாகூரில் தூக்கிலிடப்பட்டார். மறுநாள் கான்பூரில் கடையடைப்பு. கடையை மூடும்படி முஸ்லிம் வணிகர்களை வற்புறுத்தியதில் தகராறு மூண்டு, நகரமே பற்றியெரிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

வித்யார்த்தி சிறையிலிருந்து விடுதலையாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அலுவலகத்தில் உட்கார்ந்து அமைதிக்கு ஒரு வேண்டுகோள் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தெருவில் இறங்கினார். இந்துக்களின் பகுதிகளில் சிக்கிய முஸ்லிம் குடும்பங்களைப் பெண்கள், குழந்தைகளோடு மீட்டுப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினார். முஸ்லிம்களின் பகுதிகளில் தவித்த இந்துக்களையும் அப்படியே மீட்டார். மார்ச் 25 அன்று அந்த வேலையில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

கொன்றவர்கள் யார் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை நாம் சொல்லக்கூடாது. முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியில், நம் பெயரைத் தாங்கிய ஒரு கூட்டம்தான் அவரைக் கொன்றது. அவர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த எத்தனையோ முஸ்லிம்கள் அதே ஊரில் அப்போது இருந்தார்கள். எழுதும்போது நமக்கே கூச்சமாக இருக்கிறது.

மருத்துவமனையில் குவிந்து கிடந்த சடலங்களுக்கிடையே, சில நாட்கள் கழித்துத்தான் அவருடைய உடல் அடையாளம் காணப்பட்டது. கலவரத்தின் காரணங்களை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கையை ஆங்கில அரசு தடை செய்துவிட்டது.