ஒரே இரவில் 30 மைல்!
ஊமைத்துரையின் வீர வரலாறு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்சில் போனால் வழியில் இடைசெவல் வரும். அதைத் தாண்டிப் போனால் கயத்தாறு. சாலையின் இரு பக்கமும் கரிசல் காடு. மழை பெய்தால் கால் புதையும். வெயில் அடித்தால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை, வைகாசியில் அந்த மண்ணில் வெறுங்காலோடு நாலு எட்டு வைப்பதே கடினம்.

அந்தச் சீமையில் மைல் கணக்கில் ஓடி, வெள்ளைக்காரப் படையைத் திகைக்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி.

பேச்சு வராத பிள்ளை

அவருடைய இயற்பெயர் குமாரசாமி. பிறவியிலேயே பேச்சு வரவில்லை. ஆகவே மக்கள் ஊமைத்துரை என்று அழைத்தார்கள். ஆள் உயரம். உடம்போ மெலிந்த உடம்பு. பார்த்தால் நோயாளி போல இருப்பார். ஆனால் அவர் கண்ணசைத்தால் போதும். ஆயிரக்கணக்கான வீரர்கள் உயிரைக் கொடுக்கத் தயாராக நின்றார்கள்.

அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830-ல் வெளிவந்த தன் நூலில் அவர் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறார். ஊமைத்துரை சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை! பிறகு வாயால் ஓர் ஒலி எழுப்பி, வலது கையால் அத்தனையையும் துடைத்துத் தள்ளுவாராம். தாக்குங்கள் என்பதற்கு அதுவே உத்தரவு. தாக்கும்போது பெரும்பாலும் அவரே முன்னால் நிற்பார்.

சிறை உடைந்தது

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இனி எதிர்ப்பு இல்லை என்று கும்பெனியார் நினைத்தார்கள்.

1801-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. மாலை நேரம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு விருந்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் மாறுவேடத்தில் வந்த வீரர்கள் காவலர்களை மடக்கினார்கள். சிறைக் கதவு திறந்தது. தம்பிகள் வெளியே பாய்ந்தார்கள்.

பாஞ்சாலங்குறிச்சி சுமார் 30 மைல் தொலைவில் இருந்தது. பாளையங்கோட்டை இருப்பது தாமிரபரணிக்குத் தென்கரை. போக வேண்டியதோ ஆற்றுக்கு வடக்கே. தண்ணீரைத் தாண்டி, நஞ்சையைத் தாண்டி, பிறகு பனங்காடும் முள்ளும் நிறைந்த புஞ்சை வழியே போக வேண்டும். மாதக் கணக்கில் அடைபட்டுக் கிடந்த கால்கள் அவை. ஆனாலும் நிற்கவில்லை. வழியில் இருந்த காவல் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டே போனார்கள். பொழுது விடிவதற்குள் ஊர் வந்துவிட்டது!

கும்பெனிப் படை பின்னாலேயே கிளம்பியது. ஒரு வாரத்தில் பாஞ்சாலங்குறிச்சியை நெருங்கியது. அங்கே கண்ட காட்சியை அவர்களால் நம்ப முடியவில்லை. வெறும் மண்மேடாகக் கிடந்த இடத்தில் புதுக்கோட்டை ஒன்று எழுந்து நின்றது. ஊர் மக்கள் இரவு பகலாக மண் சுமந்து கட்டிய கோட்டை அது. வந்த படை பாளையங்கோட்டைக்கே திரும்பியது. மார்ச் 31-ந் தேதி மறுபடியும் தாக்கினார்கள். அப்போதும் தோற்றுப் பின்வாங்கினார்கள்.

கத்திரி வெயிலில்...

பிறகு கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்தார். மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது. அது கத்திரி வெயில் காலம். மரம் குறைந்த பொட்டல் வெளி. உயிர் பிழைத்தவர்கள் போரிட்டபடியே வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்தியது. கோட்டையிலிருந்து சுமார் 3 மைல் தொலைவில் ஊமைத்துரை படுகாயப்பட்டு விழுந்தார்.

அன்று மாலை பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தங்கள் ஆண்களைத் தேடிக் களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். குற்றுயிராகக் கிடந்தான். அவனைத் தூக்கப் போனாள். அவன் தடுத்தான். தன்னை விட்டுவிட்டு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவர்கள் சாமி என்று சொன்னது ஊமைத்துரையைத்தான்.

பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! ஆனாலும் அந்தத் தாய் மகன் சொல்லைத் தட்டவில்லை. மற்றப் பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கி வந்து தன் வீட்டில் கிடத்தினாள்.

எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தார்கள். உடனே பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடினார்கள். மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மை போட்டு இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். அம்மை என்றாலே நடுங்கிய காலம் அது. வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்காமலே ஓடிப் போனார்கள்.

தூக்குமேடை

காயம் ஆறுவதற்குள் ஊமைத்துரை புறப்பட்டார். வடக்கே வைப்பாறு. கோடையில் அது வெறும் மணல் ஆறு. ஊற்றுத் தோண்டினால்தான் குடிக்கத் தண்ணீர். அந்த வறண்ட சீமையைக் கடந்து மறவர் நாட்டை அடைந்தார். சிறுவயலில் மருது சகோதரர்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அதற்காகவும் சேர்த்துத்தான் கும்பெனி அவர்கள் மீது படை எடுத்தது.

அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரையும் செவத்தையாவும் பிடிபட்டு, நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்கள். எந்த மண்ணுக்காக 30 மைல் ஓடி வந்தாரோ, அந்த மண்ணிலேயே ஊமைத்துரையின் உயிர் போயிற்று.

கோட்டையை மறுபடியும் இடித்தார்கள். ஊரின் பெயரே இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது. இன்றும் மக்கள் அங்கே போய் வருகிறார்கள்.

ஊமைத்துரையைக் காப்பாற்றிய தாயின் கதையையும் வெல்ஷ்தான் எழுதி வைத்தார். அவளுடைய பெயரை மட்டும் எழுதவில்லை.