புனித யோசேவாஸ் அடிகளார்: அன்புக் கட்டளையை வாழ்ந்து காட்டியவர்



அன்புக் கட்டளை பற்றிய வினா பரீட்சையில் வரும்போது உங்களில் பலர் ஒரே மாதிரியான விடையையே எழுதுகின்றீர்கள். அன்பு உயர்ந்தது, எல்லோரையும் நேசிக்க வேண்டும், அன்பு இருந்தால் சமாதானம் வரும் என்று நான்கு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றீர்கள். இவை பிழையான வசனங்கள் அல்ல. ஆனால் யார், எங்கே, யாருக்கு, என்ன செய்தார் என்பது அந்த விடையில் இல்லை. உதாரணம் இல்லாத விடைக்கு முழுப் புள்ளியை எதிர்பார்க்க முடியாது.

இயேசு இறுதி இராவுணவின்போது தம் சீடருக்குப் புதிய கட்டளை ஒன்றைக் கொடுத்தார் (யோவான் 13:34). தாம் அவர்களை நேசித்தது போலவே அவர்களும் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்பதே அதன் கருத்தாகும். அந்தக் கட்டளையைக் கொடுப்பதற்கு முன்னர் அவர் சீடரின் பாதங்களைக் கழுவினார் என்பதைக் கவனியுங்கள். முதலில் செயல், பின்னரே சொல். அந்த ஒழுங்கில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கு பார்ப்போம்.

1. இளமையும் அழைப்பும்

யோசேவாஸ் அடிகளார் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி இந்தியாவின் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் கன்னடப் பகுதியில் சில ஆண்டுகள் பணியாற்றினார். கோவாவைச் சேர்ந்த சுதேச குருக்கள் அமைத்த ஒறற்றோரியன் சபையிலும் இணைந்து அதற்குத் தலைமை தாங்கினார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் வசம் இருந்தன. யாழ்ப்பாணத்தை அவர்கள் 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்கு மறைவிடம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை காத்திருந்தது. பல ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாத மக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட அடிகளார், கூலியாளின் உடையில், ஜோன் என்னும் உதவியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி 1687 இல் இலங்கைக்கு வந்தார்.

2. யாழ்ப்பாணத்தில் கிடைத்த கஞ்சி

மாணவர்களே, பலர் எழுதத் தவறும் பகுதி இதுவாகும். கடற்பயணத்தின் துன்பத்தால் அடிகளாருக்குக் கடுமையான வயிற்றோட்டம் ஏற்பட்டது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவரை ஊருக்கு வெளியே பற்றைக்காட்டில் விட்டுவிட்டனர் என்றும், பெண்மணி ஒருவர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்தப் பெண்ணின் பெயர் எவருக்கும் தெரியாது. பின்னாளில் அவர் காப்பாற்றிய மனிதர் புனிதராவார் என்பதும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனிதன் பசியோடு கிடக்கின்றான் என்பது மட்டுமே.

குணமடைந்த அடிகளார் கழுத்தில் செபமாலையுடன் பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் மூலம் கத்தோலிக்கரை இனங்கண்டுகொண்டார். சில்லாலைக் கிராமத்து மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். பகலில் மறைந்திருந்து இரவில் மக்களைச் சந்தித்தார். தமிழையும், பின்னர் சிங்களத்தையும் கற்றார். மக்களுடன் அவர்களுடைய மொழியிலேயே பேசக் கற்பதும் அன்பின் ஒரு வடிவமே என்பதை மனங்கொள்க.

3. கண்டியில் கைதி

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது அடிகளார் கண்டி அரசுக்கு உட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். 1692 இல் கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அப்போது ஆட்சி செய்தவர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் ஆவார். அடிகளார் குற்றஞ்சாட்டியவர்களோடு பகை பாராட்டவில்லை. சிறையிருந்த காலத்தைச் செபத்திலும் சிங்களம் கற்பதிலும் பயன்படுத்தினார். அவர் உளவாளி அல்லர் என்பது காலப்போக்கில் தெளிவாகியது.

4. 1697: பெரியம்மை

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் என்னும் தடுப்பூசியை எட்வேர்ட் ஜென்னர் பரிசோதித்தது 1796 இலாகும். எனவே அன்று அந்நோய்க்குத் தடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு வெளியேறினர். நோயுற்றவர்களைச் சொந்த உறவினரே காடுகளில் விட்டுச் சென்றனர். அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் பயந்தவர்கள். பயம் வந்தால் நாமும் அப்படித்தான்.

அடிகளாரும் அவரது உறவினரான கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று குடிசைகளிலும் வெறுமையாகிய வீடுகளிலும் சேர்த்தனர். உணவு கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களை அடக்கம் செய்தனர். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. நோய் தணிந்து நகரம் வழமைக்குத் திரும்பியபோது மன்னர் அவர்களை நன்றியுடன் மதித்துப் பணியைத் தடையின்றிச் செய்ய இடமளித்தார். பௌத்த மன்னர் ஒருவர் கத்தோலிக்கக் குருவுக்குக் காட்டிய இந்தப் பெருந்தன்மையையும் உங்கள் விடையில் குறிப்பிடுங்கள்.

இப்போது இரண்டாம் பகுதியை மீண்டும் நினைவுகூருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் தொற்றுக்கு அஞ்சிப் பற்றைக்காட்டில் விடப்பட்டவர் அடிகளார். அன்று கஞ்சி குடித்தவர் இன்று கஞ்சி கொடுக்கின்றார். தமக்குக் கிடைத்த அன்பை அடுத்தவருக்குக் கொடுப்பதே அன்புக் கட்டளையின் உட்கருத்து. இந்த இரு நிகழ்வுகளையும் இணைத்து எழுதுவதே சிறந்த விடையாகும்.

அடிகளார் 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தார். கோவாவுக்குத் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995 ஜனவரி 21 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் பிரகடனம் செய்தனர்.

5. நம் அன்றாட வாழ்வில்

நமக்குக் கண்டியும் இல்லை, பெரியம்மையும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980 இல் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் 2020 இல் கொவிட் பரவியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். நோய் வந்த வீட்டைக் கண்டு பலர் ஒதுங்கிப் போனார்கள். அதே வேளையில், முகக்கவசம் அணிந்து, சாப்பாட்டுப் பொதியைப் படலையடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட்ட அயலவர்களும் இருந்தார்கள். சுகாதார விதிகளை மீறுவது அன்பு ஆகாது. விதியைச் சாட்டாகச் சொல்லி மனிதரைக் கைவிடுவதும் அன்பு ஆகாது.

வகுப்பில் எவரும் பக்கத்தில் இருக்க விரும்பாத ஒரு மாணவர் இருக்கலாம். இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வராதவருக்குக் குறிப்புக் கொப்பி தேவைப்படலாம். வீட்டில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அம்மம்மாவுக்குக் கேட்பதற்கு ஒருவர் தேவைப்படலாம். பரீட்சைக்குப் படிக்கின்றேன் என்று சொல்லி இவற்றைத் தள்ளிப்போடுவது மிகச் சுலபம். அன்புக் கட்டளை பற்றிப் பாடமாக்கும் அதே மேசையில் இருந்துகொண்டே அதை மீறிவிடலாம் என்பதை மறவாதீர்கள்.

பெரிய சந்தர்ப்பம் வரும்போது அன்பு செய்வோம் என்று காத்திருப்பவருக்கு அந்தச் சந்தர்ப்பம் வரும்போது அன்பு செய்யத் தெரியாது. பெயர் தெரியாத அந்தப் பெண் கொடுத்தது ஒரு கிண்ணம் கஞ்சி மட்டுமே. உங்களாலும் அது முடியும்.

பயிற்சி வினாக்கள்

1. யோசேவாஸ் அடிகளார் மறைவாக இலங்கைக்கு வரவேண்டியிருந்தமைக்கான காரணத்தை விளக்குக.
2. 1697 இல் கண்டியில் அடிகளார் ஆற்றிய பணிகள் மூன்றைக் குறிப்பிடுக.
3. யாழ்ப்பாணத்தில் அவர் பெற்ற உதவியையும் கண்டியில் அவர் செய்த உதவியையும் ஒப்பிட்டு, அன்புக் கட்டளையின் கருத்தை உமது சொந்த வாழ்வின் உதாரணம் ஒன்றுடன் விளக்குக.

(மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது உங்கள் வாழ்வில் உண்மையாக நடந்த ஒன்றையே எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையெனில், பேனாவை வைத்துவிட்டு முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.)