கழற்றிப் பார்த்த மேதை ஜி.டி.நாயுடு

எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் வேனில் ராத்திரி டிபன் கடை நடத்துகிறார். அந்த வேனுக்கு நான் செய்து வைத்த காரியம்தான் ஜி.டி.நாயுடுவைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து ஒரு வண்டி வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, எது எதற்கு என்று புரிந்துகொண்டு, திரும்ப மாட்டினார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தொடங்கியவர், யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியையே உருவாக்கினார். 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து நம் நாட்டிலேயே செய்த மின் மோட்டாரைக் கொண்டு வந்தார். பேட்டரியில் ஓடும் ரசாந்த் சவரக் கருவியும் அவர் கண்டுபிடிப்புதான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வர அவரே காரணம். வருஷக்கணக்கில் இழுக்கும் படிப்பைச் செய்முறையாகச் சீக்கிரம் முடிக்கலாம் என்று வாதாடினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

இனி என் கதை. வேனில் லைட், ஃபேனுக்கு இருந்த ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு, லித்தியம் பேட்டரியைப் பழைய ஒயரிலேயே அப்படியே மாட்டினேன். அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட்தானே என்று ஒரு தைரியம்! மூணாவது நாள் ஆல்டர்னேட்டர் கருகிவிட்டது. ஒரு வாரம் கடை இல்லை. அப்பா திட்டவில்லை. ஏன் கருகியது என்று மட்டும் கேட்டார். டிப்ளமோ படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் சுட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லித்தியத்துக்கு உள் மின்தடை ரொம்பக் குறைவு. காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரிடமிருந்து கரண்டை அள்ளி இழுக்கும். ஆசிட் பேட்டரிக்குப் பழகிய ஆல்டர்னேட்டர் அந்தச் சூட்டைத் தாங்காது. கரண்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் நடுவில் வேண்டும். தடிமனான கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். எல்லாம் போட்டேன். இப்போ வேனில் விடிய விடிய லைட் எரிகிறது. அப்பாவிடமும் பதிலைச் சொல்லிவிட்டேன்.

2025-ல் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். நண்பர்களே, புதுசை மாட்டும் முன் பழசைக் கழற்றிப் பார்ப்போம்!