நடந்தவர் இருவர்

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதி, இங்கிலாந்தின் காக்கர்மவுத்தில் 1771 டிசம்பர் 25 அன்று பிறந்தார். ஆறு அகவையில் தாயை இழந்து உறவினர் இல்லங்களில் வளர்ந்தார். அண்ணனும் அவரும் 1799 இறுதியில் கிராஸ்மியரில் குடியேறினர்.

நடையே அவர் வாழ்வு. பெண்ணொருத்தி ஊர்வழியே நடந்து திரிவதா என உறவுப் பெண்மணி ஒருவர் 1794இல் கடிந்தபோது, வண்டிக்கூலி மிச்சம் என மறுமொழி விடுத்தவர் அவர்! நடந்து கண்டவற்றை நாட்குறிப்பில் பதிந்தார்.

1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில், கடுங்காற்றினூடே நடந்த இருவரும் டாஃபடில் மலர்க்கூட்டத்தைக் கண்டனர். சோர்ந்து கல்லில் சாய்ந்திருந்த பூக்களும் டாரதியின் குறிப்பில் இடம்பெற்றன. அண்ணன் 1804இல் இயற்றி 1807இல் வெளியிட்ட புகழ்மிகு கவிதையிலோ நடந்தவர் ஒருவரே. மனைவி மேரி தந்த இரண்டு அடிகள் அதில் உண்டு. உடன் நடந்த தங்கை இல்லை. காட்சியின் நுண்மையில் தங்கையின் உரைநடையே விஞ்சி நிற்கிறது எனத் தயங்காது கூறலாம்.

1818இல், 46 அகவையில், இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கில் ஏறினார். 1829இல் நோய் பற்றியது. இறுதி இருபது ஆண்டுகள் அறிவு மங்கி ரைடல் மவுண்ட் இல்லத்துள் கழிந்தன. 1855 ஜனவரி 25 அன்று மறைந்தார். நாட்குறிப்புகள் 1897இல் நூலாக வெளிவந்தன.