பீட்டர் மெடவார்

என் அண்ணனுக்கு அம்மா தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கொரு முறை அவன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பெற்ற தாயின் உறுப்பையே மகனின் உடல் அந்நியமென்று தள்ளப் பார்ப்பது ஏன்? சென்ற விடுமுறையில் இக்கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடை தேடிப் போனபோது அறிமுகமானவர்தாம் பீட்டர் மெடவார்.

1915ஆம் ஆண்டு பிரேஸிலில் பிறந்தவர். தந்தை லெபனானில் பிறந்தவர். தாய் ஆங்கில மாது. ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் பயின்றார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர் வீட்டருகே ஒரு விமானம் விழுந்தது. விமானி கொடிய தீக்காயங்களுடன் கிடந்தார். பிறர் தோலை ஒட்டினால் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்வி அதன்பின் மெடவாரை விடவில்லை.

கிளாஸ்கோவில் தாமஸ் கிப்ஸன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து உழைத்தார். தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனின் தோலை ஒட்டினார்கள். அது சில நாள் இருந்து அழிந்தது. அதே சகோதரனின் தோலை மீண்டும் ஒட்டியபோது முன்னிலும் விரைவாக அழிந்தது. அப்படியானால் உடல் முதல் தோலை நினைவில் வைத்திருக்கிறது! கிருமிகளை விரட்டும் தற்காப்புச் சக்தியே இதற்குக் காரணம் என்ற முடிவுக்கு 1943இல் அவர்கள் வந்தார்கள்.

1953இல் பில்லிங்ஹாம், பிரெண்ட் இருவருடன் சேர்ந்து, கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேற்றின எலியின் உயிரணுக்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அவை அவ்வினத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. உடலின் பிடிவாதத்தையும் தளர்த்தலாம் என்று தெரிந்தது. 1960இல் பர்னெட்டுடன் நோபல் பரிசு பெற்றார்.

1969இல், 54ஆம் வயதில், எக்ஸிடர் தேவாலயத்தில் வேதப்பகுதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. இடக்கை செயலிழந்தது. ஆயினும் ஆராய்ச்சியையும் எழுத்தையும் விட்டாரில்லை. 1987இல் காலமானார்.

அவர் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை. கிரியாட்டினின் பிந்தி அடிக்கும் மணி. சிறுநீரகம் ஓரளவு கெட்ட பிறகே அது ஏறும். மாற்று உறுப்பின் அணுக்கள் மடியும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. 1998இல் இது கண்டறியப்பட்டது. இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வில் கொடையாளியின் பங்கு சுமார் 1 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் ஐயம் கொள்கிறார்கள். பின்னர் ஊசியால் சிறு தசை எடுத்துச் சோதித்து உறுதி செய்கிறார்கள். செலவு மிகுந்த சோதனைதான்; ஆனால் முந்தி எச்சரிக்கக் கூடியது.

தாய் வேறு, மகன் வேறு என்னும் அதே வேறுபாடுதான் உறுப்புக்குப் பகையாகிறது. ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் அடையாளமும் அதுவே ஆகிறது. நண்பர்களே, விலங்கியல் வெறும் தவளை அறுக்கும் பாடம் என்று இனி நான் சொல்லமாட்டேன்.

போன வாரம் அம்மா தொலைபேசியில் பேசினாள். கிரியாட்டினின் ஏறவில்லையாம். அன்றிரவு விடுதிச் சாப்பாடுகூட எனக்கு ருசித்தது.