ஹில்டே மான்கோல்ட் அம்மையார்

ஒரே முட்டையிலிருந்து தோன்றும் உயிரணுக்களில், தலையாக வேண்டியது எது, வயிறாக வேண்டியது எது என்று ஏவுவது யார்? இவ்வினாவுக்கு விடை தேடிய மங்கை ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஹில்டே 1898ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கோத்தா நகரில் பிறந்தார். யேனாவிலும் பிராங்க்பர்ட்டிலும் உயர்கல்வி பயின்றார். பிராங்க்பர்ட்டில் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பேமான் ஆற்றிய சொற்பொழிவு அவர் மனத்தைக் கவரவே, பிரைபர்க் சென்று அவரிடம் ஆய்வு மாணவியானார். அங்கு ஓட்டோ மான்கோல்ட் என்ற ஆய்வாளரை மணந்தார்.

நியூட் என்பது பல்லி போல் வாலுடைய, தவளைக்கு உறவான பிராணி. அதன் கரு கடுகளவே இருக்கும். கருவின் உயிரணுக்கள் உள்நோக்கி மடியும் துளைக்கு மேலே உதடு போன்ற பகுதி ஒன்று உண்டு. வெளிர் நிறக் கருவிலிருந்து அவ்வுதட்டை வெட்டியெடுத்து, கருநிறமுள்ள மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் பதித்தார் ஹில்டே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். பெரும்பாலான கருக்கள் அழிந்தன. பிழைத்தவற்றுள் ஆறினை மட்டுமே ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. ஆனால் அந்த ஆறே போதுமே! ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் போல, வயிற்றில் இரண்டாவது உடல் வளர்ந்திருந்தது. அதன் நரம்புக்குழாயில் பெரும்பகுதி கருநிற உயிரணுக்களே. ஆகவே, பதித்த துண்டு தான் மட்டும் வளரவில்லை. அண்டையிலிருந்தவற்றையும் ஏவி வேலை வாங்கியது. ஸ்பேமான் அதை 'அமைப்பான்' என்றார்.

கட்டுரை 1924இல் வெளியாயிற்று, முதற்பெயர் ஸ்பேமானுடையது. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டில் எரிவாயு அடுப்பு வெடித்து, ஹில்டே தீக்காயங்களால் மறைந்தார். இருபத்தாறு வயது நிரம்பவில்லை. கைக்குழந்தை ஒன்று தாயை இழந்தது. 1935இல் நோபல் பரிசு ஸ்பேமானுக்கு மட்டும் கிடைத்தது. பின்னாளில் நூல்கள் 'ஸ்பேமான்–மான்கோல்ட் அமைப்பான்' என்று எழுதலாயின. மான்கோல்ட் பெயரை முதலில் வைத்தாலும் தவறில்லை என்பது எங்கள் எண்ணம்.

அவ்வுதட்டிற்குள் இருந்துகொண்டு ஏவுவது எது? 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விஞ்ஞானிகள், தவளைக் கருவின் அதே உதட்டில் கூஸ்காய்ட் என்னும் மரபணு செயல்படுவதைக் கண்டனர். அதில் ஹோமியோபாக்ஸ் எனப்படும் 180 எழுத்துத் தொடர் உண்டு. அதன்படி உருவாகும் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு பிற மரபணுக்களை அடக்கி ஆள்கிறது. இம்மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைக் கருவின் வயிற்றுப்புறம் செலுத்தியபோது, அங்கேயும் இரண்டாவது உடல் உருவாகத் தொடங்கியது! ஆயினும் ஆள்வது இது ஒன்றே அன்று. 1995இல் இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, தலை முதல் வால் வரை உடலமைப்பு ஒழுங்காகவே இருந்தது. முக எலும்புகளிலும் விலா எலும்புகளிலும்தான் குறை காணப்பட்டது.